கந்தவேலின் பெயரில் ஒன்பது சொற்கள்

தனக்கு மறதி வந்துவிட்டது என்பதைக் கந்தவேல் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஜனனி என்ற பெண் அவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த டேப்லெட்டின் திரையில் நான்கு புள்ளிகளைக் காட்டிச் சொன்னாள். அவள் டாக்டர் இல்லை. வயதானவர்களின் உடல்நலத்தைப் பற்றிய ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது அவள் வேலை.

"மொதல் புள்ளி ரெண்டாயிரத்துப் பன்னெண்டுங்க. பத்து வார்த்தை படிச்சுச் சொல்லி, கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டப்ப ஒம்பது சொல்லியிருக்கீங்க. பதினஞ்சுல எட்டு. பத்தொம்பதுல அஞ்சு. போன வருஷம் நாலு."

"நானுங்களா?"

"உங்க பேருதானுங்க. கந்தவேல். அப்பா பேரு நாச்சிமுத்து. பொறந்தது அம்பத்தேழு. ஊரு நெருப்பெரிச்சல்."

"ஆமாங்க. நான்தான்."

தான் யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. மற்றது ஒன்றும் விளங்கவில்லை. ஜனனி பொறுமையாக விளக்கினாள். முதல் இரண்டு புள்ளிகள் கோயமுத்தூரில் ஒரு கல்லூரி நடத்திய ஆய்வில் எடுத்தவை. பின்னிரண்டும் வடக்கே ஒரு நிறுவனம் நடத்துகிற ஆய்வில் எடுத்தவை. இருவரும் வெவ்வேறு சமயத்தில், ஒருவருக்கொருவர் தெரியாமல், இதே பகுதியில் சுற்றியிருக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒரு மனிதனின் மூன்று அல்லது ஐந்து வருடம்தான் தெரியும். இரண்டையும் சேர்த்தால் பன்னிரண்டு வருடம் தெரியும். முதுமையில் யார் எப்போது எப்படித் தளர்கிறார்கள் என்று அப்போதுதான் புரியும். அதற்காகப் பெயர், தகப்பன் பெயர், பிறந்த வருடம், ஊர் எல்லாம் பொருந்துகிற ஆட்களைத் தேடி இணைக்கிறார்கள். இணைத்ததில் யாருக்காவது ஞாபகசக்தி வேகமாக இறங்கியிருந்தால் வீட்டுக்கே போய்ச் சொல்லி, டாக்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பது அவர்களுடைய விதி.

"எனக்கு வேகமா எறங்குதுங்களா, கண்ணு?"

ஜனனி தலையைக் குனிந்துகொண்டு, "கோடு அப்படித்தானுங்க காட்டுது," என்றாள்.

கந்தவேல் திரும்பி வீட்டுக்குள் பார்த்தார். முன்னறையில் இரும்புக் கட்டிலில் அவர் மனைவி அமராவதி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் வந்த பக்கவாதத்தில் வலப்பக்கமும் பேச்சும் போயிருந்தன. பேச்சு கொஞ்சம் திரும்பியிருந்தது. ஒவ்வொரு சொல்லும் ஒரு மேடு ஏறி வருவதுபோல வரும். கேட்பவர்களுக்கு அவ்வளவு நேரம் காத்திருக்கப் பொறுமை இருப்பதில்லை. காது மட்டும் பழுதில்லாமல் இருந்தது. இப்போதும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அவளைப் பார்த்துக்கொள்வது கந்தவேல். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் போடுவார். மூன்று வருடத்தில் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. பயிற்சி எடுத்த ஆட்களே தோற்றுப்போகிற இடம் இது. அவர் எந்தப் பயிற்சியும் எடுத்தவரில்லை. முப்பது வருடம் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின் ஓட்டியவர். ஓடுகிற மெஷினைச் சுற்றி வந்து பார்க்காவிட்டால் எங்கோ ஓர் ஊசி உடைந்து, துணி நெடுக ஓட்டைக் கோடு விழும். அதே பழக்கத்தில் அவளையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

ஆனால் போன மாதம் ஒன்று நடந்திருந்தது. அதனால்தான் அந்தக் கோட்டைப் பொய் என்று அவரால் தள்ள முடியவில்லை.

அமராவதிக்குக் காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு முன் சர்க்கரைக்கு ஒரு சிறிய வெள்ளை மாத்திரை. மதியம் சாப்பிட்டபின் நீளமான பெரிய மாத்திரை. இரவில் வேறு இரண்டு. ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. கண் சொருகியது. கன்னத்தைத் தட்டினால், "உம்" என்பதற்குமேல் பதில் இல்லை. கந்தவேல் ஆட்டோ பிடித்து, பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. ஊசியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண் விழித்தாள்.

"காலை மாத்திரைய ரெண்டு தடவை குடுத்துட்டீங்களா, பெரியவரே?" என்று டாக்டர் கேட்டார்.

வீட்டுக்கு வந்து அட்டையைப் பார்த்தார். வெள்ளை மாத்திரையில் இரண்டு குறைந்தது. அன்றைக்கு ஒன்று, அதற்கு முன் எப்போதோ ஒன்று. காலை மாத்திரை கொடுப்பது அவர் ஒருவர்தான். அப்படியென்றால் அவர்தான் இரண்டு தடவை கொடுத்திருக்க வேண்டும். கொடுத்ததாக ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாததுதானே மறதி?

இந்த இடத்திலிருந்துதான் கந்தவேல் குழம்ப ஆரம்பித்தார்.

ஜனனி போனதும் மகள் சத்யப்பிரியாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னார். மறைக்கத் தெரியாதவர். அவள் இருப்பது கோயமுத்தூரில்.

"அப்பா, போன மாசம் நீங்க ஏதோ தவறிப்போச்சுன்னீங்க. நானும் உட்டுட்டேன். இப்ப இது வேறயா?"

"நாலு புள்ளிதான் கண்ணு காட்டுனாங்க."

"ஞாயித்துக்கெழம கார் எடுத்துட்டு வர்றேன். அம்மாவ இங்க கூட்டியாந்துடறேன். ஆள் போட்டுப் பாத்துக்கலாம்."

"உங்க ஊடு ரெண்டாவது மாடியாச்சே, சாமி."

"லிஃப்ட் இருக்குதுப்பா."

"நானு?"

"நீங்களும் வாங்கன்னா வரமாட்டீங்க. வந்தாலும் ரெண்டு நாள்ல ஓடிருவீங்க. அம்மாவுக்கு இன்னொருக்கா அப்படி ஆச்சுன்னா என்ன பண்றது, சொல்லுங்க."

அவள் சொன்னதில் தப்பு இல்லை. மறதிக்காரன் கையில் சர்க்கரை மாத்திரையைக் கொடுப்பது நல்லதில்லை என்று யாரும் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

அந்த ஐந்து நாளும் அவர் தன்னையே சோதித்துப் பார்த்தார். வெள்ளை மாத்திரையைக் கொடுத்ததும் காலண்டரில் ஒரு டிக் போடுவது என்று வைத்துக்கொண்டார். மறுநாளே, டிக் போட்டது மாத்திரை கொடுத்த பிறகா, கொடுக்கப் போகும்போதா என்று சந்தேகம் வந்தது. உறுதி செய்துகொள்ள இன்னொரு டிக் போட்டார். இரண்டு டிக்கைப் பார்த்ததும் அட்டையை எடுத்து எண்ணினார். சரியாக இருந்தது. மறுபடி எண்ணினார். காலை நேரம் முழுவதும் இதிலேயே போனது. அமராவதி கட்டிலிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றி நாலாம் வருடம் ஓட்டிய மெஷினில் எத்தனை ஊசி என்று கேட்டால் சொல்வார். எந்த முதலாளி எந்த வருடம் எந்தக் கலரில் கெடுபிடி செய்தார் என்பதும் தெரியும். ஆனால், பன்னிரண்டாம் வருடம் யாரோ வந்து பத்து வார்த்தை கேட்டது மட்டும் எவ்வளவு தோண்டினாலும் வரவில்லை. கைப்பிடி போல ஒரு கருவியை அழுத்தச் சொன்னது ஞாபகம் வந்தது. அழுத்தினார். ஒரு பெண், "நல்ல பலம்" என்றாள். அது எந்த வருடம்? ஒன்பது சொன்னது உண்மையென்றால் எப்பேர்ப்பட்ட மூளை! அதைச் சொன்னதையே மறந்துபோயிற்று என்றால் அந்த மூளைக்கு என்ன ஆயிற்று?

எதிர்வீட்டு இசக்கிமுத்துவிடம் கேட்டார். அது எட்டு வீடுகள் எதிரும் புதிருமாக இருக்கும் காம்பவுண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இருபது வயதில் வந்த இசக்கிமுத்து கந்தவேலின் மாத்தாள். ஒரு நிட்டிங் மெஷினுக்கு இரண்டு ஆட்கள். ஒருவர் பகல், ஒருவர் இரவு. வாரத்துக்கு வாரம் மாறிக்கொள்வார்கள். மெஷின் நிற்கக்கூடாது. ஒருவருக்குக் காய்ச்சல், கல்யாணம், எழவு என்றால் மற்றவர் போய் நிற்பார். முப்பது வருடம் அப்படி ஓடியதில் வந்த உறவு, மச்சான்–மாப்பிள்ளை முறையாகிவிட்டது. இசக்கிமுத்துவின் மனைவி இறந்து எட்டு வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை. கந்தவேல் காலை ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணிவரை ஒரு குடோனில் நூல் மூட்டை வரத்துப்போக்கைக் குறித்துவைக்கிற வேலைக்குப் போவார். அந்த நேரத்தில் அமராவதிக்குச் சாதம் ஊட்டி, மதிய மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்வது இசக்கிமுத்துதான்.

"மச்சான், பன்னெண்டாவது வருஷம் காலேஜுக்காரங்க வந்தாங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?"

"எந்தக் காலேஜு?"

"வார்த்தை சொல்லச் சொல்லிக் கேட்டாங்களாமா. ஒசரமெல்லாம் அளந்தாங்களாமா."

"எங்கிட்ட ஒருத்தரும் வரல வே. வந்தா எனக்கு மறக்குமா? இசக்கி மறந்தான்னு இந்தக் காம்பவுண்டுல யாராவது சொல்லட்டும் பாப்போம். ஒம்ம பொண்டாட்டிக்குத் தெனமும் மாத்திரை குடுக்கது யாரு?"

"அதானுங்க. உங்குளுக்கு மறக்காது."

"ஒமக்குத்தான் தல கழண்டு போச்சு மாப்ள. அம்பது வயசுலயே ஒம்ம மூஞ்சில தெரிஞ்சுது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கந்தவேலுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. மச்சானிடம் வரவில்லை என்றால் தன்னிடம்தான் வந்திருக்க வேண்டும்; ஒன்பது சொன்னது தானேதான். அதில் இருந்த கடைசிச் சந்தேகமும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சத்யப்பிரியா காரில் வந்து இறங்கினாள். பின்சீட்டில் மடித்த மெத்தை ஒன்று இருந்தது. அவள் அமராவதியின் துணிகளை எடுத்து அடுக்க ஆரம்பிக்கும்போது ஜனனியும் வந்து நின்றாள். இந்தத் தடவை கையில் உயரம் அளக்கிற கம்பி.

"ஒரு சின்னக் குழப்பமுங்க," என்றாள். "எங்க ஆபீசுல உங்க பைலத் திருப்பி அனுப்பிட்டாங்க. ஒசரம் ஒத்து வரலையாம். காலேஜ் ஆய்வுல நூத்தி எழுபத்தொண்ணு. இந்த ஆய்வுல நூத்தி அறுபத்தி மூணு. வயசானா ஒண்ணு ரெண்டு கொறையும். எட்டு சென்டிமீட்டர் கொறையாதுங்க."

"அந்தக் காலேஜுக்காரங்க தப்பா அளந்திருப்பாங்க," என்றாள் சத்யப்பிரியா, துணியை மடித்தபடி.

"ரெண்டு தடவையும் ஒரே மாதிரித் தப்பா அளப்பாங்களாங்க?"

கந்தவேல் சுவரோடு ஒட்டி நின்றார். நூற்று அறுபத்திரண்டரை. "எப்பவுமே இவ்வளவுதானுங்க. கல்யாணத்தன்னைக்கே மாமியார் கொறை சொன்னாங்க," என்றார்.

வெளியே சத்தம் கேட்டு இசக்கிமுத்து வந்தார். நிலைப்படியில் தலை இடிக்காமலிருக்கக் குனிந்து உள்ளே நுழைந்தார். இது இருபத்தைந்து வருடமாக அவர் தினமும் செய்வது. யாரும் கவனிப்பதில்லை. கட்டிலிலிருந்து அமராவதி இடது கையைத் தூக்கினாள்.

"அண்...ணன்," என்றாள்.

"என்னம்மா, தண்ணியா?" சத்யப்பிரியா தம்ளரை எடுத்தாள்.

அமராவதி தம்ளரைத் தட்டிவிட்டாள். கையை நிலைப்படியை நோக்கி நீட்டி, மேலே உயர்த்திக் காட்டினாள். "அண்ணன்... நின்...னாரு."

"அவுளச் சொல்ல உடுங்க," என்றார் கந்தவேல். பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவருக்கு மட்டும் காத்திருக்கத் தெரியும்.

கால் மணி நேரம் ஆயிற்று. அமராவதி சொல் சொல்லாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டு, மற்றவர்களுக்குச் சொன்னார். அப்போது அவளுக்கு உடம்பு நன்றாக இருந்தது. காலேஜ்காரப் பெண் கந்தவேலைத் தேடி இரண்டு தடவை வந்துபோனாள். அவர் பகல் ஷிப்டில் இருந்தார். மூன்றாவது தடவையும் வெயிலில் நடந்து வந்து, இன்றைக்கும் ஆள் இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள் என்றாள். எதிர்வீட்டில் இரவு ஷிப்ட் முடித்து இசக்கிமுத்து இருந்தார். மாத்தாள் இருக்கும்போது ஆள் இல்லை என்று எப்படிச் சொல்வது? அமராவதிதான் போய் அழைத்து வந்தாள். அவர் கந்தவேலின் இடத்தில் உட்கார்ந்து, கந்தவேலாகவே பதில் சொன்னார்.

"பதினஞ்சுலயுங்களா?" என்றாள் ஜனனி.

அப்போதும் அவர்தான். அது வார லீவு நாள்; கந்தவேல் வீட்டில்தான் தூங்கிக்கொண்டிருந்தார். ஆனால், போன தடவை ஒருவர் சொல்லி, இந்தத் தடவை வேறொருவர் சொன்னால் கணக்கு குழம்பிவிடுமே என்று நினைத்து அமராவதி மறுபடி அவரையே கூப்பிட்டாள். மெஷினில் ஓடிய துணியின் கணக்கு எழுதுகிற கார்டை ஆரம்பித்த கையெழுத்திலேயே முடிப்பதுதானே பனியன் கம்பெனி வழக்கம்?

"ஐயோ, அம்மா," என்றாள் சத்யப்பிரியா.

ஜனனி இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். "அப்ப நீங்க ஒம்பது சொல்லவே இல்லீங்களா?"

"இல்ல போலிருக்குதுங்க," என்றார் கந்தவேல். முதல் தடவையாக அவருக்கு அந்தக் கோடு புரிந்தது. அவர் இறங்கவில்லை. அவர் எப்போதுமே நாலைந்துதான்.

"என்னத்தப் பேசுதிய?" என்றார் இசக்கிமுத்து. "நா எப்ப வந்து சொன்னேன்? தங்கச்சி கனாக் கண்டிருக்கா."

"நீங்கதான் மாமா. அம்மா சொல்றாங்கல்ல," என்றாள் சத்யப்பிரியா.

"சொன்னா எனக்குத் தெரியாதா? சரி, கேளு தாயி. அந்தப் பத்தையும் இப்பக் கேளு. எங்கிட்டக் கேட்டாக் கேட்டபடி சொல்லுவேன்."

விதிப்படி ஜனனி அவரிடம் கேட்கக்கூடாது. அவர் ஆய்வில் இல்லாதவர். ஆனால் அவளும் மனுஷிதானே, குழப்பம் தீரட்டும் என்று இரண்டு பேரையும் உட்காரவைத்துப் படித்தாள். ஆறு, கதவு, வெண்ணெய், குதிரை, மலை, குடை, சந்தை, கண்ணாடி, நெருப்பு, மணி. பிறகு வேறு பேச்சுப் பேசினாள். வெண்ணெய் என்றதும் இசக்கிமுத்து ஊத்துக்குளி வெண்ணெயின் மணத்தைப் பற்றி ஒரு பாட்டம் பேசினார். ஐந்து நிமிடம் கழிந்தது.

கந்தவேல் முதலில் சொன்னார். ஆறு, கதவு, குதிரை, குடை. மேலே பார்த்தார். மணி. அவ்வளவுதான்.

"அஞ்சுங்க," என்றாள் ஜனனி. "நீங்க சொல்லுங்க ஐயா."

இசக்கிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "மணி. அதுதான் மாப்ள சொல்லிட்டாரே. ஆறு. அதையும் சொல்லிட்டாரு." சிரித்தார். யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். "இட்லி."

"இட்லி இல்லீங்க."

"கொஞ்சம் இரு." வெகுநேரம் ஆயிற்று. "நீ எப்பம்மா கேட்ட?"

கேட்டது அவருக்கு ஞாபகம் இல்லை. வெண்ணெயைப் பற்றி அவ்வளவு பேசியவருக்கு வெண்ணெய்கூட வரவில்லை.

சத்யப்பிரியா எழுந்தாள். அவள் எதையும் சுற்றி வளைக்காத பெண். அலமாரியிலிருந்து மாத்திரைப் பெட்டியைக் கொண்டுவந்து இசக்கிமுத்துவின் முன் வைத்தாள்.

"மாமா, மத்தியானம் அம்மாவுக்கு எது குடுப்பீங்க? எடுத்துக் காட்டுங்க."

"இதுல என்ன சோதன?" என்றார் அவர். ஒரு நொடி தயங்காமல் சிறிய வெள்ளை மாத்திரை அட்டையை எடுத்தார். "சாப்பாட்டுக்கு முன்ன இது ஒண்ணு. தெனமும் குடுக்கேன்."

"தெனமுமா?"

"தெனமுந்தான்."

தினமும் இல்லை. தினமும் கொடுத்திருந்தால் அமராவதி இந்நேரம் இருக்கமாட்டாள். பெரும்பாலான நாட்களில் கை பழக்கத்தில் சரியான மாத்திரையைத்தான் எடுத்திருக்கிறது. இரண்டு நாள் தவறியிருக்கிறது. எந்த இரண்டு நாள் என்று அவருக்குத் தெரியாது. இனி எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது.

கந்தவேல் அட்டையை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். நெஞ்சிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. இறங்கிய வேகத்திலேயே அது எதிரில் இருந்த மனிதர்மேல் போய் உட்கார்ந்ததையும் அவர் பார்த்தார். சந்தோஷப்படுவதா, வேண்டாமா என்று தெரியவில்லை. ஐந்து நாளாகத் தன் தலையைச் சந்தேகப்பட்ட நேரத்தில் ஒரு தடவைகூட மச்சானைச் சந்தேகப்படவில்லையே என்பதும் விளங்கவில்லை. ஓடுகிற மெஷினில் நூல் அறுந்தால் தூக்கத்திலும் எழுந்து உட்கார்ந்தவராயிற்றே மச்சான்.

"மச்சான், நாளையிலிருந்து மாத்திரைய நானே குடுத்துக்கறனுங்க."

"ஏன்?"

"சும்மாதானுங்க."

"கம்ப்யூட்டர் சொல்லுச்சா?"

"இல்லீங்க. நான்தான் சொல்றன்."

இசக்கிமுத்துவின் முகம் சிவந்தது. "முப்பது வருசம் ஒம்ம மெஷின நின்னு ஓட்டுனவன் நான். ஒரு நாளு நின்னுருக்கா? எனக்கே பாடம் எடுக்கீரா வே?" நிலைப்படியில் குனியாமல் வேகமாக வெளியே போனார். தலை இடித்தது. திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ஜனனி டேப்லெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எதுவும் எழுதாமல் இருந்தாள். "முதல் ரெண்டு புள்ளியும் செல்லாதுன்னு போடணுமுங்க," என்றாள் கடைசியில். "உங்களோடது இல்லையே."

"அவரோடதுதானுங்களே. நெசமா அவரு சொன்னதுதானுங்களே."

"அவரு பேரு எங்ககிட்ட இல்லீங்க. ரெண்டு ஆய்வுலயும் இல்ல."

"அழிச்சுட்டா, முன்னாடி அவரு நல்லா இருந்தாருன்னு எங்கீங்க இருக்கும்?"

"எங்கயும் இருக்காதுங்க," என்றாள் ஜனனி. இதைச் சொல்லும்போது அவளுக்கே அது சரியில்லை என்று பட்டது. "கோடு எறங்குனது நெசந்தானுங்க. வேற ஊட்டுல எறங்கியிருக்குது. அதை எப்படி எழுதறதுன்னு எங்களுக்குச் சொல்லித்தரலைங்க."

கந்தவேல் காலண்டரிலிருந்து ஒரு பழைய தாளைக் கிழித்து அவளிடம் கொடுத்தார். அழிப்பதற்கு முன் அந்த இரண்டு எண்ணையும் வருடத்தையும் எழுதித் தரச் சொன்னார். டாக்டர் கேட்பார் என்றார். அவள் தயங்கினாள்; பிறகு எழுதினாள். அடியில் இன்றைய தேதியும் அதற்கு எதிரே இரண்டு என்றும் எழுதினாள். மேலே யார் பெயரைப் போடுவது என்று கேட்டாள். கந்தவேல் சொல்ல, அவள் இசக்கிமுத்து என்று எழுதினாள்.

அவள் போனதும் சத்யப்பிரியா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். மடித்த துணிகள் மடியில் இருந்தன.

"மத்தியானத்துக்கு ஆள் வேணுமேப்பா."

"குடோனுக்கு நாளைக்கே சொல்லிடறன், வர்லீன்னு. நானே இருக்கறன்."

"மாமாவ?"

"டாக்டர்கிட்ட நாளைக்குக் கூட்டிட்டுப் போறன்."

"அதுக்கப்புறம்?"

கந்தவேல் எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தார். அவள் துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திருப்பி வைத்தாள். மெத்தை காரிலேயே இருந்தது. ஒரு மாதம் பார்க்கலாம் என்றாள். மாத்திரைப் பெட்டியை எடுத்துப் பரணில், கந்தவேலே ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டுகிற இடத்தில் வைத்தாள். பிறகு இசக்கிமுத்துவுக்கு அது நின்றபடியே எட்டும் என்று உணர்ந்து, கீழே எடுத்து, பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை அப்பாவிடம் கொடுத்தாள்.

பன்னிரண்டரை மணிக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. இசக்கிமுத்து கை கால் கழுவிக்கொண்டு, ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி, எல்லா நாளும் வருவதுபோல வந்தார். நெற்றியில் இடித்த இடம் புடைத்திருந்தது. கோபத்தின் சுவடே முகத்தில் இல்லை.

"என்ன மாப்ள, வேலைக்குப் போகலையா?"

"ஞாயித்துக்கெழமைங்க, மச்சான்."

"அட, ஆமா." சத்யப்பிரியாவைப் பார்த்தார். "நீ எப்பம்மா வந்த? கார் நிக்கும்போதே நெனச்சேன். தங்கச்சிக்கு மாத்திரை குடுத்தாச்சா?"

சத்யப்பிரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கந்தவேல் சட்டைப் பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தார்.

"குடுத்தாச்சுங்க," என்றார். இன்னும் கொடுக்கவில்லை. சாப்பிட்டபின் கொடுக்க வேண்டியது.

"அப்பம் சோறு?"

கந்தவேல் தட்டில் குழைந்த சாதத்தைப் போட்டு, பருப்பு ஊற்றி, அதை அவர் கையில் கொடுத்தார். இசக்கிமுத்து கட்டிலருகே ஸ்டூலை இழுத்தார். அமராவதியின் முதுகுக்குப் பின்னால் தலையணையை நிமிர்த்தி வைத்து அவளை நேராக உட்காரவைத்தார். சாதத்தைப் பிசைந்து, சிறிய உருண்டையாக, நன்றாக இருக்கிற இடது கன்னப் பக்கமாக ஊட்டினார். அவள் விழுங்கும்வரை அடுத்ததை எடுக்கவில்லை. இதில் ஒரு தப்பும் சொல்ல முடியாது.

பீரோவைத் திறக்காமல் கந்தவேல் பக்கத்திலேயே நின்றார். இவரிடமிருந்து இன்னும் எதையெல்லாம் வாங்க வேண்டியிருக்கும், எதை விட்டுவைக்கலாம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. இப்போதைக்குச் சோற்றுத் தட்டை விட்டுவைத்தார்.